தில்லிக்கு ஒரு மடக்குக் கத்தி: ஓபினெல், விக்டோரினாக்ஸ், ராம்பூரி – எதை வாங்கலாம்?

ஜூலை பிற்பாதியில் ஓபினெல் கத்தி திறக்க மறுக்கும். அதன் பிடி மரம். காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து ஊதி, அலகை இரண்டு பக்கமும் கவ்விக்கொள்ளும். அதே கத்தி மே மாதம் லூ காற்று அடிக்கும்போது வற்றிச் சுருங்கி, அலகு தளர்ந்து ஆடும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் பிறந்த கத்தி அது. ஒரே வருடத்தில் தில்லி காட்டும் இந்த இரண்டு கோடிகளுக்கும் அதைப் பழக்க வேண்டும். பழைய பாணி மடக்குக் கத்தி வாங்க நினைக்கும் தில்லித் தமிழர்கள் எஃகின் பெயரைப் பார்ப்பதற்கு முன் மூன்றைப் பார்க்க வேண்டும்: இந்த ஊரின் தட்பவெப்பம், இந்த ஊரின் சட்டம், வீட்டில் உண்மையில் எதை வெட்டப்போகிறோம் என்பது. இந்த மூன்றை வைத்தே இங்கே ஒப்பிடுகிறோம்.

பழைய பாணி என்று சொல்வது நூறு வருடத்துக்கு மேலாகப் பெரிதும் மாறாத வடிவங்களை. பெல்ட்டில் செருகும் கிளிப் கிடையாது. பட்டனை அழுத்தினால் பாயும் அலகு கிடையாது. நகத்தால் அல்லது விரலால் இழுத்துத் திறக்க வேண்டும். திறந்த அலகு எப்படி நிலைத்து நிற்கிறது என்பதில்தான் இவை வேறுபடுகின்றன. விக்டோரினாக்ஸிலும் அமெரிக்க, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பேனாக்கத்திகளிலும் முதுகில் ஒரு வில் (ஸ்பிரிங்) இருக்கிறது; அது அலகின் அடியை அழுத்திப் பிடிக்கிறது, ஆனால் பூட்டுவதில்லை. ஓபினெலில் ஒரு வளையம் திரும்பிப் பூட்டுகிறது. ஜப்பானிய ஹிகோனோகாமியில் வில்லும் இல்லை, பூட்டும் இல்லை. அலகின் வாலைக் கட்டைவிரல் அமுக்கிப் பிடிப்பதுதான் பாதுகாப்பு. ராம்பூரியில் பற்சக்கரம் போன்ற அமைப்பு. இந்த ஒரு வேறுபாடே பயன்பாடு, பராமரிப்பு, சட்டம் மூன்றையும் தீர்மானித்துவிடுகிறது.

என்ன வெட்டப்போகிறோம்?

கொய்யா, ஆப்பிள், மாம்பழம், எலுமிச்சை. பார்சல் டேப், பால் பாக்கெட், அரிசி மூட்டையின் தையல் நூல். பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலைக் கொத்து. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னைக்குப் போகும்போது ஒன்றரை நாள் பயணத்துக்கான பழங்கள். வெங்காயம், முருங்கைக்காய், பூசணி எல்லாம் சமையலறைக் கத்தியின் வேலை, அல்லது அரிவாள்மணையின் வேலை. பையில் வைக்கும் கத்தியை அதற்கு இழுக்க வேண்டாம்.

இந்தப் பட்டியலில் எதற்கும் 7 செ.மீ.-க்கு மேல் அலகு தேவைப்படுவதில்லை. பெரிய சஃபேதா மாம்பழத்தின் கன்னத்தைக்கூட 7 செ.மீ. அலகால் கொட்டையை ஒட்டிச் சுற்றி எடுத்துவிடலாம். நீளத்தைவிட முக்கியம் மெலிவு. அலகு வெட்டுவாய்க்குச் சற்று மேலே எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்பதுதான் ஆப்பிள் நறுக்கென்று வெட்டுப்படுமா, பிளந்து விரிசல் விடுமா என்பதைச் சொல்லும். எவ்வளவு கூராகத் தீட்டினாலும் தடித்த அலகு கொய்யாவை ஆப்பு வைத்ததுபோலப் பிளக்கும். மெல்லிய அலகு மொண்ணையாக இருந்தாலும் ஓரளவு வெட்டிக்கொண்டுதான் போகும். கடையில் கத்தியைப் பார்க்கும்போது அலகை முனைப்பக்கத்திலிருந்து கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முதுகிலிருந்து வாய் வரை சீராக இளைத்து வந்தால் நல்லது. பாதி வரை பட்டையாக வந்து கடைசியில் மட்டும் சட்டென்று சரிந்தால், அது உறுதிக்காகச் செய்தது, பழத்துக்கு உதவாது.

தில்லிச் சட்டம்

நாடு முழுமைக்குமான ஆயுத விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமான, அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலமான கூரிய ஆயுதங்களைப் பற்றிப் பேசுகின்றன; வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்குமானவற்றை விலக்கிவிடுகின்றன. தில்லியில் அதற்கு மேல் ஒன்று உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் 1980 அக்டோபரில் தில்லி நிர்வாகம் வெளியிட்ட அறிவிக்கை, வில்லால் இயங்கும் கத்தி, கராரிக் கத்தி (பற்கள் ஒன்றொன்றாக ஏறித் திறப்பது), பட்டன் கத்தி, வேறு இயந்திர அமைப்பால் திறந்து மூடும் கத்தி ஆகியவற்றைக் குறிப்பிட்டு, அலகு 7.62 செ.மீ. நீளத்தையும் 1.72 செ.மீ. அகலத்தையும் எட்டினால் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருகிறது. 7.62 செ.மீ. என்பது சரியாக 3 அங்குலம்.

அறிவிக்கை முதன்மையாகத் தயாரிப்பையும் விற்பனையையும் குறிவைப்பது, நகத்தால் திறக்கும் கத்தி அதில் வருமா என்பதெல்லாம் வழக்கறிஞர்கள் வாதிட வேண்டிய விஷயம். கொய்யா நறுக்க வாங்கிய கத்தி அந்த வாதம் வரை போகவே கூடாது. ஆகவே தில்லிக்கு நாம் வைக்கும் அளவுகோல் எளியது: அலகு 7 செ.மீ.-க்குள், பட்டன் இல்லை, தானாகப் பாயும் எதுவும் இல்லை.

அளவு எதுவானாலும் மெட்ரோவுக்கு எடுத்துப் போகாதீர்கள். ஒவ்வொரு நிலையத்திலும் பை எக்ஸ்ரே வழியாகத்தான் போகிறது. மடக்குக் கத்தி தெரிந்தால் நிறுத்தக்கூடும். விமானத்தில் கைப்பையில் அனுமதி இல்லை, ஒப்படைக்கும் பெட்டியில்தான் வைக்க வேண்டும். தினமும் மெட்ரோவில் வேலைக்குப் போகிறவருக்கு இது 'சட்டைப்பைக் கத்தி' ஆகவே முடியாது. வீட்டுக் கத்தியாக, காரில் போகும் கத்தியாக, ஊர்ப்பயணக் கத்தியாகத்தான் இருக்கும். வாங்குவதற்கு முன் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் அளவைத் தேர்ந்தெடுப்பது எளிது.

ஓபினெல்: விலைக்கு மிஞ்சிய வெட்டு

1890-இல் ஃபிரான்சின் சவோய் பகுதியில் ஜோசப் ஓபினெல் வடிவமைத்த கத்தி இது. மொத்தம் ஐந்தே பாகங்கள்: அலகு, மரப்பிடி, அசையாத உலோகப் பட்டை, ஒரு ஆணி, திரும்பும் பூட்டு வளையம். வளையம் 1955-இல்தான் சேர்ந்தது; அதற்கு முன் மரத்தின் பிடிப்பு மட்டுமே. இன்றும் மிகச் சிறிய அளவுகளில் வளையம் இருக்காது. அளவுகளுக்கு எண்: 6-ஆம் எண்ணின் அலகு சுமார் 7 செ.மீ., 8-ஆம் எண்ணுடையது 8.5 செ.மீ., 10-ஆம் எண்ணுடையது 10 செ.மீ. உலகம் முழுக்க அதிகம் பரிந்துரைக்கப்படுவது 8-ஆம் எண். தில்லிக்கு நம் பரிந்துரை 6. சட்டக் காரணம் ஒன்று. கை சிறியதாக இருப்பவருக்கும் அது பாந்தமாக உட்காரும் என்பது இன்னொன்று. அலகு முதுகில்கூட 2 மி.மீ.-க்குக் குறைவான தடிமன்; இரு பக்கமும் மெல்லக் குவிந்து வாயில் சேர்கிறது. இந்த ஒப்பீட்டில் வருபவற்றில் ஆப்பிளையும் மாம்பழத்தையும் இவ்வளவு சுத்தமாக வெட்டுவது வேறொன்றும் இல்லை. சமையலறைக் கத்தியை மடித்துவைத்ததுபோல வெட்டும்.

வாங்கும்போது இரண்டு எஃகுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கார்பன் எஃகு ஒன்று. அதில் சுமார் 0.9 சதவீதம் கார்பன் இருக்கிறது, துருவைத் தடுக்கும் குரோமியம் இல்லை. மற்றது துருப்பிடிக்காத ஸ்வீடிஷ் எஃகு. அதில் சுமார் 13.5 சதவீதம் குரோமியம். கார்பன் எஃகு கல்லில் வேகமாகத் தீட்டுப்படும், தீட்டும்போது ஓரத்தில் எழும் பிசிர் எளிதில் உதிரும், கூர் மிக நயமாக ஏறும். ஆனால் நம் வீட்டில் வெட்டுவது எல்லாம் புளிப்பு. மாங்காயும் எலுமிச்சையும் பட்டால் சில நிமிடங்களில் அலகு கருக்கும். புதிய அலகாக இருந்தால் பழத்திலும் இரும்பு வாடை ஏறும். வாழைப்பூ நறுக்கிக் கருத்த அரிவாள்மணையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. அந்தக் கருமை துரு அல்ல, துருவுக்கு எதிரான மெல்லிய தோல். செம்பழுப்பாக, விரலில் ஒட்டும் தூளாக வந்தால்தான் துரு.

கருமையை நாமே சீராக ஏற்றிவிடலாம். அலகைச் சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசையில்லாமல் கழுவித் துடைத்து, சூடான திக்கான தேநீர் டிகாக்ஷன் ஒரு டம்ளரில் இரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து, அலகு மட்டும் மூழ்கும்படி அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் போதும். மரம் நனையக் கூடாது. எடுத்துக் கழுவித் துடைத்தால் சாம்பல் கலந்த கருநிறம் ஏறியிருக்கும். எண்ணெய்ப் பசை மிச்சமிருந்த இடம் மட்டும் திட்டுத்திட்டாக வெளுத்து நிற்கும்; அதனால்தான் முதலில் சோப்பு.

இருந்தாலும் தில்லியில் ஜூலை, ஆகஸ்ட் இரண்டு மாதமும் கார்பன் எஃகு கவனம் கேட்கும். ஈரமாக மடித்துவைத்தால் ஒரே இரவில் ஆணியைச் சுற்றித் துரு கிளம்பும். அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது, கைக்கும் எட்டாது. வெட்டி முடித்ததும் துடைக்கும் பழக்கம் உள்ளவருக்குக் கார்பன். வீட்டில் நாலு பேர் எடுத்து நாலு விதமாக வைப்பார்கள் என்றால் சந்தேகமே வேண்டாம், துருப்பிடிக்காத எஃகு. பழம் வெட்டும் வேலையில் கூர் நிற்கும் காலம் இரண்டிலும் பெரிதாக வேறுபடாது.

இனி அந்த மரம். மழைக்காலத்தில் அலகு சிக்கிக்கொண்டால் பல்லால் கடித்து இழுக்க வேண்டாம், ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பவும் வேண்டாம். சவோய்க்காரர்கள் செய்யும் வழி ஒன்று இருக்கிறது: வளையத்தைத் திறந்த நிலைக்குத் திருப்பி, பிடியின் பிளவு கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து, பிடியின் வால்முனையை மேசை விளிம்பில் ஒரு தட்டு தட்டினால் அலகு நகம் பிடிக்கும் அளவு வெளியே எட்டிப்பார்க்கும்.

இதற்கு நிரந்தரத் தீர்வு உண்டு. ஆனால் மழைக்காலத்தில் செய்யக் கூடாது. பலரும் தவறுவது இங்கேதான்: ஜூலையில் ஊதிய பிளவை உப்புத்தாளால் தேய்த்து அகலமாக்குவார்கள், மரம் வற்றியதும் அடுத்த மே மாதம் அலகு லொடலொடவென்று ஆடும். தேய்த்த மரம் திரும்பி வராது. சரியான நேரம் மே கடைசி, மரம் முழுக்க வற்றியிருக்கும்போது. தேன்மெழுகு ஒரு பங்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் மூன்று பங்கு எடுத்து, கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த கிண்ணத்தில் உருக்குங்கள். நேரடித் தீ கூடாது. கத்தியைப் பாதி திறந்த நிலையில் பிடித்து, ஆணி இருக்கும் பக்கத்தின் பிளவுக்குள் பஞ்சால் மெழுகை நன்றாக ஊறவிட வேண்டும். வற்றிய மரம் அதைத் தாகத்தோடு குடிக்கும். பத்து நிமிடம் கழித்து மிச்சத்தைத் துடைத்து, இரண்டு நாள் விட்டு இன்னொரு முறை. மெழுகு குடித்த மரத்தில் ஈரம் ஏறுவது வெகுவாகக் குறைந்துவிடும். வெளியே வார்னிஷ் பூசியிருப்பதால் போதும் என்று நினைக்க வேண்டாம். பிளவின் உட்பக்கம் பூசப்படாமல் வெறும் மரமாகவே இருக்கும், ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான். இத்தனைக்குப் பிறகும் மழைக்காலத்தில் கொஞ்சம் இறுக்கம் இருந்தால் மட்டும், 220 எண் உப்புத்தாளைப் பழைய ஸ்டீல் ஸ்கேலில் மடித்துப் பிளவின் ஒவ்வொரு பக்கமும் நாலைந்து முறை இழுக்கலாம்.

தேங்காய் எண்ணெய் போடலாமா என்பது நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி. சென்னையில் பிழைக்கும், தில்லியில் பிழைக்காது. தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரிக்குக் கீழே உறையும். டிசம்பர், ஜனவரியில் ஆணிக்குள் கட்டியாகி அழுக்கைப் பிடித்துவைக்கும். நல்லெண்ணெய் இன்னும் மோசம், மெல்லக் காய்ந்து பிசினாகும். தையல் மெஷின் எண்ணெய் அசைவுக்கு நல்லது, ஆனால் பழத்தில் படக் கூடாது. லிக்விட் பாரஃபின் உறையாது, காயாது, கெடாது, உடலுக்கும் தீங்கில்லை. ஒரு சிறு பாட்டில் பல வருடம் வரும்.

விக்டோரினாக்ஸ்: வெட்டு சுமார், வேலை எல்லாம் நடக்கும்

கார்ல் எல்ஸெனர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக் கிராமத்தில் பட்டறை தொடங்கினார். 1891-இல் சுவிஸ் ராணுவத்துக்கு முதல் கத்திகள் போயின. இன்று எல்லோரும் 'சுவிஸ் கத்தி' என்று சொல்லும் அதிகாரிகள் கத்தி 1897-இல் பதிவானது. சிவப்புப் பிளாஸ்டிக் பக்கங்கள் கொண்ட 91 மி.மீ. வகைதான் எல்லோருக்கும் தெரிந்தது. நம் பார்வையில் அதைவிட மேலானது அலாக்ஸ் எனப்படும், சொரசொரப்பாக அச்சிட்ட அலுமினியப் பக்கங்கள் கொண்ட வரிசை. இதில் இரண்டு போதும்: மூடிய நீளம் 84 மி.மீ. உள்ள கேடட், 93 மி.மீ. உள்ள பயனியர்.

அலுமினியம் ஜூலையில் ஊதாது, மே மாதத்தில் சுருங்காது. எஃகின் கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் அலகு சுமார் 56. கடினத்தில் இதை மிஞ்சும் எஃகுகள் நிறைய உண்டு என்று குறைசொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கடினத்தில் வெட்டுவாய் உடைந்து பல் விழாமல் மடங்கும். மடங்கியதை எந்த வீட்டிலும் பீங்கான் கோப்பையின் அடிவிளிம்பில் பத்து இழுப்பு இழுத்து நிமிர்த்திவிடலாம். எலுமிச்சை வெட்டிவிட்டுத் துடைக்க மறந்தாலும் மன்னிக்கும். வெட்டு ஓபினெல் அளவுக்கு நயமாக இருக்காது; பெரிய ஆப்பிளின் நடுவில் சற்றுப் பிளக்கும். இதை மறைக்க வேண்டியதில்லை.

அதற்கு ஈடாகக் கிடைப்பவற்றைப் பாருங்கள். கேடட்டில் அலகு, நகம் தேய்க்கும் அரம், டின் திறப்பான், பாட்டில் திறப்பான். பயனியரில் அரத்துக்குப் பதில் துளையிடும் ஊசி. தோல் பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட இதைவிட வசதியான கருவி வீட்டில் இருக்காது. பாட்டில் திறப்பானின் முனை பட்டை ஸ்க்ரூ டிரைவர். டின் திறப்பானின் சிறு முனை பட்டை ஸ்க்ரூவுக்கும் நட்சத்திர ஸ்க்ரூவுக்கும் பொருந்தும். மூன்று முள் பிளக்கைக் கழற்றி மாட்ட அது ஒன்றே போதும். டின் திறப்பானைப் பெரும்பாலோர் தலைகீழாகப் பயன்படுத்திவிட்டு 'வேலை செய்யவில்லை' என்கிறார்கள். பாயசத்துக்கு மில்க்மெய்டு டின் திறக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்: கொக்கி விளிம்புக்கு அடியில் மாட்ட வேண்டும், முனை உள்ளே இறங்க வேண்டும், ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தி முன்னோக்கி நகர வேண்டும். தன் பக்கம் இழுத்தால் தகரம் மடங்கி வழுக்கும்.

இதன் பலவீனம் இடுக்குகள். மாம்பழச் சாறும் சட்டைப்பைப் பஞ்சும் சேர்ந்து அலகுகளுக்கு நடுவே கெட்டியாகிவிடும். 'வில் தளர்ந்துவிட்டது' என்று பலர் நினைப்பது பெரும்பாலும் இந்த அழுக்கைத்தான். வெந்நீரில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து, நீருக்குள்ளேயே ஒவ்வொரு பாகத்தையும் பதினைந்து இருபது முறை திறந்து மூடுங்கள். உதறி, மின்விசிறிக்கு அடியில் எல்லாம் திறந்த நிலையில் நன்றாக உலரவிட்டு, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சொட்டு லிக்விட் பாரஃபின். வாழைக்காயோ பலாக்காயோ வெட்டிப் பால் ஒட்டியிருந்தால் சோப்பு போகாது. முதலில் சமையல் எண்ணெய் தடவி இளக்கித் துடைத்துவிட்டுப் பிறகுதான் சோப்பு.

இன்னொரு முக்கியமான விஷயம்: இதில் பூட்டு இல்லை. அலகின் முனையால் குத்தினாலோ முதுகுப் பக்கம் அழுத்தம் வந்தாலோ விரல்மேல் மடங்கும். டப்பாவின் மூடியை நெம்புவது, தேங்காய்ச் சில்லைத் தோண்டுவது இரண்டிலும்தான் காயம் படுகிறது. குழந்தைகள் எடுக்கும் வீட்டில் பூட்டுள்ள ஓபினெல் பாதுகாப்பானது. ஆனால் அதில் வளையத்தைத் திருப்ப மறந்தால் இதே கதைதான்.

போலிகள் ஏராளம். சதர் பஜாரிலும் இணையக் கடைகளிலும் சிவப்புப் பக்கமும் வெள்ளைச் சிலுவையும் வைத்துப் பத்துப் பதினைந்து கருவிகளோடு மலிவாக விற்பது அனைத்தும் வேறு சரக்கு. அசலில் பெரிய அலகின் அடிப்பகுதியில் விக்டோரினாக்ஸ் பெயரும் சுவிஸ் தயாரிப்பு என்ற முத்திரையும் தெளிவாகப் பொறித்திருக்கும். எல்லாக் கருவிகளையும் மூடிவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் வில்லுக்கும் தகட்டுக்கும் இடையே ஒளி ஊடுருவாது. போலியில் ஊடுருவும்.

ராம்பூரி: கைவினையாகப் பெருமை, பழத்துக்கு இல்லை

தில்லியிலிருந்து கிழக்கே சில மணி நேரப் பயணத்தில் இருக்கும் ராம்பூரின் பெயரைத் தாங்கியது. மரபான ராம்பூரியின் அலகு 9 முதல் 12 அங்குலம் வரை போகும். திறக்கும்போது 'கர்ர்ர்' என்று பற்கள் ஒன்றொன்றாக ஏறும் ஒலிதான் கராரி. பித்தளை வேலைப்பாடு செய்த நல்ல பிடிகள் கண்ணைப் பறிக்கும். 2023-இல் ராம்பூர் நகரமே தன் நாற்சந்தி ஒன்றில் இருபதடிக் கத்தி ஒன்றைச் செய்து நிறுத்தியிருக்கிறது. அந்தத் தொழிலாளர்களின் கைத்திறன் காப்பாற்றப்பட வேண்டியது என்பதில் நமக்கு ஐயம் இல்லை.

ஆனால் 1980 அறிவிக்கை பெயர் சொல்லிக் குறிப்பிடும் கராரியும் பட்டனும் இந்தக் குடும்பத்துடையவை. பழைய தில்லியில் நினைவுப்பொருள் என்று கையில் திணிக்கப்படும் சிறு ராம்பூரிகள் பலவற்றில் அலகு தடிமன், எஃகின் பதம் நிச்சயமில்லை, பற்கள் தேய்ந்தால் பூட்டும் நம்பத் தகுந்ததல்ல. தில்லியில் இருந்துகொண்டு இதைப் பையில் வைத்துத் திரிய வேண்டாம். இந்த ஒப்பீட்டில் உறுதியாக விலக்குவது இது ஒன்றைத்தான்.

மற்றவை

ஹிகோனோகாமி ஜப்பானின் மிகி ஊரில் செய்யப்படுவது. மடித்த பித்தளைத் தகட்டுக்குள் கார்பன் எஃகு அலகு. பென்சில் சீவ அற்புதம், பழத்துக்குச் சாறு உள்ளே வழிந்து தொல்லை. வியர்வை படும் சட்டைப்பையில் பித்தளை பச்சை பூக்கும். ஜெர்மனியின் ஸோலிங்கனிலிருந்து வரும் கறுப்புப் பூனை முத்திரை மெர்கேட்டர் மெலிந்தது, அழகானது. ஆனால் அலகு சுமார் 9 செ.மீ., தில்லிக்கு நீளம். ஃபிரான்சின் தியேர் நகரத்து டூக்-டூக் 1929 முதல் மடித்த தகட்டுப் பிடியோடு வருகிறது. மெலிவில் ஓபினெலுக்கு நிகர், வில் முரட்டுத்தனமானது, நகம் நோகும்.

லாகியோல் என்ற பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அது ஓர் ஊரின் பெயர்; யார் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும் நிலையே நெடுங்காலமாக இருந்ததால், பிடியில் தேனீ பொறித்த மட்டச் சரக்கு உலகெங்கும் அதே பெயரில் விற்கிறது.

அமெரிக்காவின் கேஸ் நிறுவனத்துப் பேனாக்கத்திகளுக்கு ஒரு தனிக் கவர்ச்சி உண்டு. அலகு திறக்கும்போது பாதியில் ஒருமுறை நிற்பதும், மூடும்போது 'டக்' என்று கேட்பதும் வில்லும் அலகின் அடியும் எவ்வளவு துல்லியமாகப் பொருந்தியிருக்கின்றன என்பதற்குச் சான்று. வாங்கும் முன் ஒன்றை அறிந்திருங்கள்: அவற்றில் பலவற்றின் பிடி மாட்டெலும்பு. சுவாமிக்கு நைவேத்தியம் வைக்கும் பழத்தை அந்தக் கத்தியால் நறுக்குவது பல வீடுகளில் ஒப்பாது. லாகியோலில் கொம்புப் பிடிக்கும் இதே நிலை. விற்பவர் இதை எடுத்துச் சொல்வது அரிது. பிடி எதனால் ஆனது என்று கேட்டு வாங்குங்கள்.

கூர்

புதிதாக வாங்கிய கத்தி நன்றாக வெட்டும். ஆறு மாதம் கழித்து எப்படி வெட்டுகிறது என்பது உங்கள் கையில். தெருவில் சைக்கிளில் சாணை பிடிக்க வருபவரிடம் அரிவாள்மணையையும் கத்தரிக்கோலையும் கொடுக்கலாம், இந்த மெல்லிய அலகைக் கொடுக்கக் கூடாது. உலர்ந்த சக்கரத்தில் பொறி பறக்கத் தேய்க்கும்போது வெட்டுவாய் நொடியில் சூடேறும். அலகு ஓரத்தில் நீலமோ வைக்கோல் நிறமோ படர்ந்தால் அந்த இடத்தில் எஃகின் பதம் இறங்கிவிட்டது என்று பொருள். பிறகு எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது. அந்தப் பகுதி தேய்ந்து தீரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். ஓபினெல் போன்ற மெல்லிய அலகில் ஒரே தடவையில் ஒரு மி.மீ. அகலமும் போய்விடும்.

வேண்டியது 1000 எண் நீர்க்கல் ஒன்று. பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவைத்து, ஈரத்துணிமேல் நகராமல் வையுங்கள். கோணம் பக்கத்துக்கு 18 முதல் 20 டிகிரி. கோணமானி தேவையில்லை: மூன்று பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கி அதன்மேல் அலகின் முதுகைச் சாய்த்தால், ஒன்றே முக்கால் செ.மீ. அகல அலகுக்குக் கிட்டத்தட்ட அந்தக் கோணம் வந்துவிடும். அந்தச் சாய்வைக் கையில் நினைவு வைத்துக்கொண்டு நாணயங்களை எடுத்துவிடுங்கள். ஒரே பக்கத்தை அடியிலிருந்து நுனி வரை தேய்த்துக்கொண்டே இருந்தால் மறுபக்கத்தில் விரல்நுனிக்குத் தட்டுப்படும் பிசிர் எழும். முழு நீளத்துக்கும் எழுந்த பிறகுதான் பக்கம் மாற்ற வேண்டும். பாதியில் மாற்றுவதுதான் 'எவ்வளவு தீட்டியும் கூர் வரவில்லை' என்பதற்கு மிகப் பொதுவான காரணம். மறுபக்கமும் பிசிர் எழுந்ததும் அழுத்தத்தைக் குறைத்து மாறி மாறி பத்து இழுப்பு; பிறகு பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில் வெட்டுவாய்க்கு எதிர்த்திசையில் பின்னோக்கி இருபது இழுப்பு. தக்காளித் தோல் அழுத்தாமலே பிளந்தால் சரி.

ஓபினெலின் குவிந்த அலகுக்குக் கல்லில் கோணத்தை ரொம்ப இறுக்கமாகப் பிடிக்க வேண்டியதில்லை. கை சற்று ஆடினால் அது குவிவுக்கு ஒத்துப்போகும். பழகாத கைக்கு அதுவே முதல் கத்தியாக நல்லது.

எதை வாங்குவது?

ஒரே கத்திதான், வீட்டில் எல்லோரும் எடுப்பார்கள், பராமரிக்க நேரமில்லை என்றால்: விக்டோரினாக்ஸ் கேடட் அலாக்ஸ். ஒரு வேலைக்கும் முதலிடம் பெறாது, எந்த வேலையையும் கைவிடாது, எந்த மாதத்திலும் சிக்காது. தயாரிப்புக் குறைக்கு ஆயுள் உத்தரவாதமும் உண்டு. கழற்றி மாட்டும் சின்ன வேலைகள் செய்பவர் பயனியருக்குப் போகலாம்.

பழம் நறுக்குவதே முதன்மை, சாப்பாட்டு மேசையில் இருக்கப்போகிறது என்றால்: ஓபினெல் 6-ஆம் எண், துருப்பிடிக்காத எஃகு. விலையும் குறைவு. மே மாத மெழுகு வேலையை வருடத்துக்கு ஒரு முறை செய்தால் போதும். கார்பன் அலகு தீட்டுவதில் ஆசை உள்ளவருக்கு. எஃகு நிறம் மாறுவதைப் பார்த்து மகிழ்பவருக்கு. இரண்டையும் வாங்க முடியுமானால், ஓபினெலை வீட்டிலும் கேடட்டைப் பயணப் பெட்டியிலும் வைப்பதே எங்கள் முழுமையான விடை.

கடையில் கையில் எடுத்துப் பார்க்க முடிந்தால் நான்கைச் சோதியுங்கள். திறந்த அலகைப் பக்கவாட்டில் ஆட்டினால் அசையக் கூடாது. ஓபினெலில் வளையம் பூட்டிய பிறகு சோதிக்க வேண்டும். மூடும்போது அலகு நடுவில் விழ வேண்டும், பக்கத் தகட்டை உரசக் கூடாது. நகம் மடியாமல் திறக்க வேண்டும். அம்மாவோ பாட்டியோ பயன்படுத்தப் போகிறார்கள் என்றால் அவர்களே திறந்து பார்க்கட்டும், இறுக்கமான வில் மூட்டுவலிக் கைக்கு உதவாது. மூடிய நிலையில் வெட்டுவாய் வில்லின் உட்புறத்தில் இடிக்கக் கூடாது. இடித்தால் அந்த ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப மொண்ணையாகும். அதைக் கண்டுபிடிக்க, காகிதத் துண்டை அலகின் முழு நீளத்தாலும் ஒரே இழுப்பில் வெட்டிப் பாருங்கள். எப்போதும் ஒரே புள்ளியில் காகிதம் கிழிந்தால் அந்தக் கத்தியை வைத்துவிட்டு வேறொன்றைக் கேளுங்கள்.

பரிசாகக் கொடுப்பதானால், கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் நம் வீட்டு வழக்கத்தைப் பின்பற்றுங்கள். திறந்த அலகு கை மாறும்போதுதான் விரல் வெட்டுப்படுகிறது. ஓபினெலாக இருந்தால் வளையத்தைத் திருப்பிப் பூட்டும் விதத்தையும் அப்போதே ஒருமுறை காட்டிவிடுங்கள்.